ரிசீவரை எடுத்தது சுற்றுக்கு எப்படித் தெரியும்? பழைய டெலிபோனுக்கு ஒரு லூப் டிடெக்டர் செய்யும் முறை

பரணில் கிடக்கும் பழைய டயல் போனையோ பட்டன் போனையோ துடைத்து எடுத்து, இரண்டு அறைக்கு நடுவே இன்டர்காம் செய்யவோ ஆர்டுயினோவோடு இணைக்கவோ நினைப்பவர்களுக்கு முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். யாரோ ரிசீவரை எடுத்துவிட்டார்கள் என்று நம் சுற்றுக்கு எப்படித் தெரியும்? போனிலிருந்து வருவது இரண்டே கம்பி. அதில்தான் பேச்சு போகிறது, போனுக்கு மின்சாரம் வருகிறது, மணியும் அடிக்கிறது. "எடுத்தாச்சு" என்ற செய்திக்கென்று தனிக் கம்பி கிடையாது.

செய்தி மின்னோட்டத்தில் இருக்கிறது. போனை வைத்திருக்கும்போது உள்ளே இருக்கும் ஹுக் சுவிட்ச் திறந்திருக்கும். அப்போது லைனில் மிச்சம் இருப்பது மணியும் அதனோடு தொடராக உள்ள ஒரு கெப்பாசிட்டரும்தான். கெப்பாசிட்டர் டிசி மின்சாரத்தை விடாது, அதனால் லைனில் ஓட்டம் ஏறக்குறைய பூஜ்யம். ரிசீவரை எடுத்ததும் சுவிட்ச் மூடுகிறது. போன் சில நூறு ஓம் மின்தடை போல மாறி, 20 முதல் 40 மில்லி ஆம்பியர் வரை ஓடத் தொடங்குகிறது. முதல் நிலைக்கு ஆன்-ஹுக் என்றும் இரண்டாவதற்கு ஆஃப்-ஹுக் என்றும் பெயர். சுற்றிச் சுற்றி ஓடுவதால் அது லூப் மின்னோட்டம்.

இதைப் படித்ததும் "ஓட்டம் இருந்தால் எடுத்தாச்சு, இல்லாவிட்டால் வைத்தாச்சு" என்று ஒரே வரியில் நிரல் எழுதி முடித்துவிடத் தோன்றும். அங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். டயலைச் சுழற்றும்போதும், எந்த இலக்கமோ அத்தனை முறை, ஓட்டம் நின்று நின்று வரும் (இதுதான் டயல் துடிப்பு). மணி அடிக்கும்போது போனை எடுக்காமலேயே ஓட்டம் இருக்கும். மழை பெய்தால் கம்பியே கசியும். ஆகவே எவ்வளவு ஓட்டம் என்பதோடு, எவ்வளவு நேரமாக அது இருக்கிறது என்றும் பார்த்தாக வேண்டும்.

பழைய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சுகளைக் கட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. ஆள் இல்லாமல் தானாகவே இணைப்புக் கொடுக்க ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891-ல் காப்புரிமை பெற்ற முறை அது. நம் நாட்டிலும் பெங்களூரு ஐடிஐ (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) தொழிற்சாலையில் அந்த வகை எக்ஸ்சேஞ்சுகளைச் செய்தார்கள். அதில் ஏ ரிலே, பி ரிலே என்று இரண்டு ரிலேக்கள் (மின்காந்தம் இழுத்து இயக்கும் சுவிட்சுகள்) சேர்ந்து வேலை செய்யும். ஏ ரிலே லைன் மின்னோட்டத்திலேயே இயங்குவது. ஓட்டம் நின்றால் உடனே விடும், வந்தால் உடனே பிடிக்கும், டயல் துடிப்பு ஒவ்வொன்றோடும் கூடவே ஆடும். பி ரிலேயின் உள்ளகத்தில் ஒரு செம்புத் துண்டு மாட்டியிருப்பார்கள். அதனால் அது மெதுவாகத்தான் விடும், ஏ ரிலே துடித்துக்கொண்டிருக்கும்போதும் இது பிடித்தபடியே நிற்கும். ஓட்டம் உண்மையிலேயே நெடுநேரம் நின்றால்தான் பி ரிலே விழும், இணைப்பும் துண்டிக்கப்படும். கணினியே இல்லாமல், செம்பையும் இரும்பையும் வைத்து நேரத்தை அளந்திருக்கிறார்கள். நாம் செய்யப்போவதும் இதே ஜோடியைத்தான்: ஏ ரிலேக்குப் பதில் ஒரு ஆப்டோகப்ளர் (உள்ளே ஒரு எல்இடியும் அதன் வெளிச்சத்தைப் பார்த்து இயங்கும் டிரான்சிஸ்டரும் உள்ள சிறு சிப்), பி ரிலேக்குப் பதில் சில வரி நிரல்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இந்தச் சுற்றை டெலிபோன் நிறுவனத்தின் லைனில் மாட்டாதீர்கள். அங்கே 48 வோல்ட் டிசி இருக்கும். மணி அடிக்கும்போது 75 வோல்ட்டோ அதற்கு மேலோ ஏசி வரும், அதன் உச்சம் 100 வோல்ட்டைத் தாண்டும், கையில் நன்றாக அடிக்கும். அங்கீகாரம் பெறாத கருவியைப் பொது லைனில் இணைப்பதும் கூடாது. நம் மேசை, நம் போன், நம் அடாப்டர், அதோடு போதும்.

முதலில் கணக்கு

எக்ஸ்சேஞ்ச் கொடுப்பது 48 வோல்ட். அதன் நேர்முனையைப் பூமியோடு இணைத்து, லைனுக்கு எதிர்முனையைக் கொடுப்பார்கள். ஈரமான மண்ணில் கிடக்கும் செம்புக் கம்பி மின்பகுப்பால் அரிக்கப்படாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஒவ்வொரு கம்பிக்கும் 200 ஓம் வீதம், வழக்கமாக 400 ஓம் எக்ஸ்சேஞ்ச் பக்கமே இருக்கும். போனுக்கு 300 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 0.4 மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் போக, வர இரண்டும் சேர்த்துக் கிலோமீட்டருக்குச் சுமார் 280 ஓம். ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு 1,400 ஓம். மொத்தம் 2,100 ஓம், ஓட்டம் ஏறக்குறைய 23 மில்லி ஆம்பியர். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டிலோ 48-ஐ 700-ஆல் வகுக்க வேண்டும், 68 மில்லி ஆம்பியருக்கு மேல் வருகிறது. ஒரே போன்தான், இடம் மாறினால் ஓட்டம் மூன்று மடங்கு மாறுகிறது. அதனால்தான் இன்றைய லைன் இன்டர்ஃபேஸ் சிப்கள் ஓட்டத்தைத் தாங்களே 20, 25 மில்லி ஆம்பியரில் கட்டுப்படுத்துகின்றன.

இன்னொரு பக்கம் கசிவு. இரண்டு கம்பிக்கும் நடுவே ஈரத்தால் 10,000 ஓம் பாதை உண்டாகிவிட்டது என்று வையுங்கள். எக்ஸ்சேஞ்சின் 400 ஓமையும் சேர்த்தால், 48 வோல்ட்டில் அதன் வழியே 4.6 மில்லி ஆம்பியர் ஓடும், போன் வைத்தபடியே இருந்தாலும். கசிவு 5-ஐ நெருங்கும், நியாயமான அழைப்பு 20-க்குக் கீழே போகாது. நடுவில் 10 மில்லி ஆம்பியர் பக்கம் கோடு போட்டால் இரண்டு பக்கமும் இடம் இருக்கும். இந்தப் 10 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சுற்று முழுவதும் அதைச் சுற்றித்தான்.

சுற்றைக் கட்டுவது

மேசைச் சோதனைக்கு 48 வோல்ட் தேவையில்லை, 24 வோல்ட் போதும். தேவையானவை: 24 வோல்ட் டிசி அடாப்டர், ஒரு வாட் தாங்கும் 330 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, கால் வாட் 120 ஓம் ஒன்று, 10 கிலோ ஓம் ஒன்று, பிசி817 ஆப்டோகப்ளர், 1என்4007 டயோடு, ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு (ஆர்டுயினோ போல நிரல் ஓடும் சிறு போர்டு). எல்லாமே எலக்ட்ரானிக்ஸ் கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை.

அடாப்டரின் நேர்முனையிலிருந்து ஒரு 330 ஓம், அதிலிருந்து போனின் ஒரு கம்பி. போனின் மற்ற கம்பியை பிசி817-ன் முதல் காலுக்குக் கொண்டுவாருங்கள் (புள்ளி வைத்திருக்கும் மூலைதான் முதல் கால்). இரண்டாம் காலிலிருந்து அடுத்த 330 ஓம், அங்கிருந்து அடாப்டரின் எதிர்முனை. அவ்வளவுதான் லூப். போன் பிளக்கில் நடுவில் இருக்கும் இரண்டு கம்பிகளே நமக்கு வேண்டியவை.

120 ஓம் ரெசிஸ்டரை ஆப்டோகப்ளரின் முதல் காலுக்கும் இரண்டாம் காலுக்கும் குறுக்கே போடுங்கள். டயோடையும் அங்கேயே போடுங்கள், அதன் கோடு போட்ட முனை முதல் கால் பக்கம் இருக்கட்டும். யாராவது அடாப்டரைத் தலைகீழாக மாட்டினால் ஆப்டோகப்ளருக்குள் இருக்கும் எல்இடி 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, டயோடு அதைக் காப்பாற்றும்.

மறுபக்கத்தில் மூன்றாம் காலை மைக்ரோகண்ட்ரோலரின் கிரவுண்டுக்கும், நான்காம் காலை ஒரு உள்ளீட்டுப் பின்னுக்கும் கொடுங்கள். அந்தப் பின்னிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம். போனை எடுத்தால் அந்தப் பின்னில் வோல்ட் தாழும் (இனி "பின் தாழும்" என்று சொல்வது இதைத்தான்), வைத்தால் உயரும். 24 வோல்ட்டின் எதிர்முனையையும் மைக்ரோகண்ட்ரோலரின் கிரவுண்டையும் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவே வெளிச்சம் மட்டும் கடக்கிறது என்பதுதான் ஆப்டோகப்ளரின் பயனே. நீளமான கம்பியில் ஏதாவது தவறாக வந்தாலும் போர்டு பிழைக்கும்.

அந்த 120 ஓம்தான் இந்தச் சுற்றின் உயிர் என்பேன். எல்இடி எரிய ஏறக்குறைய 1.1 வோல்ட் வேண்டும். 120 ஓமில் 1.1 வோல்ட் விழ 9 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். அதுவரை ஓட்டமெல்லாம் ரெசிஸ்டர் வழியே போய்விடும், எல்இடி சும்மா இருக்கும். அதற்கு மேல் வருவதுதான் எல்இடிக்கு. நாம் போட நினைத்த 10 மில்லி ஆம்பியர் கோடு இப்படி ஒரே ஒரு ரெசிஸ்டரில் கிடைத்துவிடுகிறது.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். முதலில் செய்த சுற்றில் அந்த ரெசிஸ்டரே இல்லை. தோட்டத்து மோட்டார் அறைக்கும் வீட்டுக்கும் 150 மீட்டர் கம்பி இழுத்து, நடுவில் இரண்டு இடத்தில் முறுக்கி டேப் சுற்றியிருந்தேன். வெயில் காலம் முழுக்க அருமையாக வேலை செய்தது. ஐப்பசி மழை தொடங்கிய இரண்டாம் நாள், மோட்டார் அறையில் ஆளே இல்லாதபோது வீட்டில் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. டேப்புக்குள் தண்ணீர் இறங்கி ஒன்றரை மில்லி ஆம்பியர் கசிந்திருக்கிறது. வெறும் எல்இடிக்கு அதுவே தாராளம். 120 ஓமைப் போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை.

போனை மாட்டும் முன் ரெசிஸ்டரை மாட்டுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் நேராகப் போனை மாட்டிப் பார்க்கிறார்கள். வேலை செய்யாவிட்டால் தவறு போனிலா, சுற்றிலா என்று தெரியாது. அதனால் முதலில் போன் இருக்க வேண்டிய இடத்தில் வேறு சில ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். ஓட்டத்தை அளக்க மல்டிமீட்டரைத் தொடரில் நுழைக்க வேண்டியதில்லை. 330 ஓம் ஒன்றின் மேல் விழும் வோல்ட்டை அளந்து மூன்றால் பெருக்குங்கள், மில்லி ஆம்பியர் வந்துவிடும்.

போன் இடத்தில் 330 ஓம் வைத்தால் சுமார் 23 மில்லி ஆம்பியர் ஓடும், பின் திடமாகத் தாழ வேண்டும். 1 கிலோ ஓமில் 13, 14 வரும், அப்போதும் தாழ வேண்டும். 2.2 கிலோ ஓமில் 8 மில்லி ஆம்பியர், பின் உயர்ந்தே இருக்க வேண்டும். 10 கிலோ ஓமில் 2 மட்டுமே, இது நம் மழைக்காலக் கசிவு, அசையவே கூடாது. 1.5 கிலோ ஓம் எல்லைக்கோட்டில் நிற்கும். ஒரு ஆப்டோகப்ளரில் தாழும், இன்னொன்றில் தாழாது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

2.2 கிலோ ஓமிலேயே பின் தாழ்ந்துவிட்டால் 120 ஓமை 100 ஆக்குங்கள். 1 கிலோ ஓமிலும் தாழவில்லை என்றால் 150 ஆக்குங்கள். அப்புறம் போனை மாட்டலாம். எடுத்த நிலையில் போனின் இரண்டு கம்பிக்கும் நடுவே 5 முதல் 9 வோல்ட் வரை தெரிந்தால் எல்லாம் சரி. ரிசீவரில் ஊதிப் பார்த்தால் உங்கள் மூச்சே காதில் கேட்கும்.

வெளியே நீளமாகக் கம்பி இழுப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். பக்கத்தில் மின்வாரியக் கம்பி ஓடினால் அதன் 50 ஹெர்ட்ஸ் நம் இரண்டு கம்பியிலும் ஒரே திசையில் ஏறிக்கொள்ளும். லூப் மின்னோட்டம் ஒரு கம்பியில் போய் மறு கம்பியில் திரும்புவது, இதுவோ இரண்டிலும் ஒன்றாகவே போகும். ஒரு கம்பியை மட்டும் பார்க்கும் டிடெக்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பழைய லைன் ரிலேயில் இரண்டு சுருள் வைத்து, லூப் ஓட்டம் வந்தால் இரண்டும் சேர்ந்து இழுக்கும்படியும், இந்தத் திருட்டு ஓட்டம் வந்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும்படியும் சுற்றியிருப்பார்கள். நாம் அடாப்டரின் நேர்முனையிலிருந்து வரும் கம்பியிலும் இன்னொரு பிசி817 வைத்து, இரண்டும் சேர்ந்து எரிந்தால் மட்டும் "எடுத்தாச்சு" என்று கொள்ளலாம். ஒன்று மட்டும் எரிந்தால் கம்பி எங்கோ பூமியைத் தொடுகிறது என்று தேடப் போகலாம். மேசை மேல் மட்டும் செய்பவர்களுக்கு இது வேண்டியதில்லை.

இனி நேரம்

இங்கே அவசரப்படாதீர்கள். பின் தாழ்ந்தது, உயர்ந்தது என்று மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு நிலையும் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைக் குறித்துக்கொள்ளும் நிரல் வேண்டும்.

ஒரு மில்லி விநாடிக்கு ஒருமுறை பின்னைப் படியுங்கள். தொடர்ந்து பத்து முறை ஒரே பதில் வந்தால் மட்டும் நிலை மாறியதாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஹுக் சுவிட்சின் தகடுகள் ஒன்றையொன்று தொடும்போது சில மில்லி விநாடிகள் துள்ளும், அது இதில் அடிபட்டுப் போகும். இந்தப் பத்தை ஐம்பதாக ஏற்றிவிட வேண்டாம். டயல் போன் விநாடிக்கு 10 துடிப்பு அனுப்புகிறது. ஒவ்வொன்றிலும் 60 மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஓட்டம் நின்று, 35, 40 மில்லி விநாடி திரும்ப வரும். ஐம்பது மில்லி விநாடி காத்திருக்கும் நிரல் அந்தக் குறுகிய வருகையைப் பார்க்கவே பார்க்காது, டயல் செய்தவுடன் போனை வைத்துவிட்டதாக நினைக்கும்.

முதலில் எடுப்பது. வைத்த நிலையிலிருந்து ஓட்டம் வந்து 100 மில்லி விநாடி நிலைத்தால் எடுத்தாச்சு. அதற்குப் பிறகும் ஒரு 300 மில்லி விநாடிக்கு எந்தத் துடிப்பையும் எண்ணாமல் விடுங்கள். ரிசீவரைத் தூக்கும்போது கை தடுமாறினால் ஹுக் மறுபடி ஒருமுறை அழுந்தும், அதை "1" என்று எண்ணிவிடக் கூடாது.

அப்புறம் ஓட்டம் நிற்கும்போதெல்லாம் எவ்வளவு நேரம் நின்றது என்று பாருங்கள். 120 மில்லி விநாடிக்குள் திரும்ப வந்தால் அது டயல் துடிப்பு, எண்ணிக்கையில் ஒன்று கூட்டுங்கள். 200 முதல் 800 வரை என்றால் ஃபிளாஷ் பட்டனை (லைனைச் சற்றே துண்டித்து எக்ஸ்சேஞ்சுக்குச் சைகை காட்டும் பட்டன்) அழுத்தியிருக்கிறார்கள். 1,000 மில்லி விநாடி தாண்டியும் வராவிட்டால்தான் வைத்தாச்சு. நடுவில் விட்டிருக்கும் சந்துகளில் விழுவதை எதுவென்றும் கொள்ளாமல் விட்டுவிடுங்கள். ஓட்டம் 200 மில்லி விநாடிக்கு மேல் தொடர்ந்து நிலைத்தால் ஓர் இலக்கம் முடிந்தது. எண்ணிக்கை பத்து என்றால் அந்த இலக்கம் 0.

சில பட்டன் போன்களில் ஃபிளாஷ் நேரத்தை 100, 300, 600 என்று மாற்றிக்கொள்ள முடியும். 100-ல் இருந்தால் அது டயலின் ஒற்றைத் துடிப்பு போலவே இருக்கும், நம் நிரலால் பிரிக்க முடியாது. 300-லோ 600-லோ வைத்துவிடுங்கள்.

ஒற்றைத் துடிப்பு எவ்வளவு எளிதாகத் தானே பிறக்கும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1937-ல் லண்டனில் அவசர உதவிக்கு ஓர் எண் வைக்க யோசித்தபோது, டயலில் சீக்கிரம் முடிகிற 111-ஐ ஒதுக்கிவிட்டு 999-ஐ எடுத்தார்கள். காற்றில் கம்பிகள் ஒன்றோடொன்று உரசினாலே 1, 1, 1 என்று லைன் தானாக டயல் செய்துவிடும் என்பது ஒரு முக்கியமான காரணம். எக்ஸ்சேஞ்சுக்குக் கம்பியின் உரசலும் மனிதர் எடுப்பதும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் மோட்டார் அறை லைனில் நான் "1" என்ற ஒற்றை இலக்கத்துக்கு எந்த வேலையும் கொடுப்பதில்லை.

மணி அடிக்கும்போது எடுத்தால்

மணிக்கான மின்சாரத்தை மேசையில் நாமே உண்டாக்குவது புதியவர்களுக்கான வேலை அல்ல. இந்தக் கட்டத்தில் ஏஜி1171 போன்ற சிறிய மாட்யூலை வாங்கிவிடுவது நல்லது. 5 வோல்ட்டிலிருந்து லைன் மின்சாரம், மணி இரண்டையும் அதுவே தருகிறது. அதில் எஸ்எச்கே (சுவிட்ச் ஹுக்) என்று பெயரிட்ட பின், போனை எடுத்தால் உயரும், வைத்தால் தாழும். நம் ஆப்டோகப்ளர் பின்னுக்கு நேர்மாறு, நிரலில் அதை மட்டும் திருப்பிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன நேரக் கணக்கு அப்படியே இதற்கும் பொருந்தும். மணி ஓடும் லைனைக் கையால் தொடாதீர்கள்.

சிக்கல் இதுதான். மணி என்பது ஏசி, அது கெப்பாசிட்டரைக் கடந்து ஓடும். ஒரு பழைய மணிப் போன் ஏறக்குறைய 7,000 ஓம் போல நடந்துகொள்ளும். 75 வோல்ட்டில் அதன் ஓட்டத்தின் உச்சம் 15 மில்லி ஆம்பியர். நம் 10 மில்லி ஆம்பியர் கோட்டை ஒவ்வொரு அலையும் தாண்டிக் குதிக்கும், யாரும் போனைத் தொடாமலேயே. மணி நிற்கும் இடைவெளியில் மட்டும் பார்க்கலாமே என்று தோன்றும். நம் ஊர் மணி 0.4 விநாடி அடித்து, 0.2 நின்று, மறுபடி 0.4 அடித்து, 2 விநாடி ஓய்வது. இடைவெளிக்குக் காத்திருந்தால், நடுவில் எடுத்தவர் காதில் மணி மின்சாரத்தின் உறுமல் விழும். அது காதுக்குக் கேடு.

தப்பும் வழி மணியின் இயல்பிலேயே இருக்கிறது. ஏசி ஒரு முழுச் சுற்றில் எவ்வளவு முன்னே போகிறதோ அவ்வளவு பின்னே வரும், கூட்டினால் பூஜ்யம். போனை எடுத்ததும் ஹுக் சுவிட்ச் வழியே டிசியும் ஓடத் தொடங்கும், அது பூஜ்யமாகாது. மணி 25 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்று 40 மில்லி விநாடி. அதனால் மில்லி விநாடிக்கு ஒன்றாகச் சரியாக 40 அளவுகளைக் கூட்டிச் சராசரி பாருங்கள். 39-ம் வேண்டாம், 45-ம் வேண்டாம். சுற்று முழுமையாக இல்லாவிட்டால் ஏசியின் மிச்சம் ஒட்டிக்கொள்ளும். அடுத்தடுத்து இரண்டு சராசரி கோட்டைத் தாண்டினால் உடனே மணியை நிறுத்துங்கள். 80 மில்லி விநாடியில் முடிவு வந்துவிடும், ரிசீவர் காதுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே.

எஸ்எச்கே போல ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் பின்னாக இருந்தால், அந்த 40 அளவுகளில் எத்தனை முறை "எடுத்தாச்சு" வந்தது என்று எண்ணுங்கள். போனை வைத்தபடி மணியை ஓட விட்டு ஒருமுறை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், எடுத்துவிட்டு ஒருமுறை எண்ணுங்கள். இரண்டுக்கும் நடுவே உங்கள் கோடு. இந்த எண் போனுக்குப் போன் மாறும், நீங்கள் உண்மையில் மாட்டப்போகும் போனை வைத்தே பாருங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், போனுக்கு இணையாக அந்த 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை மாட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து வாருங்கள். வைத்த நிலையில் ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். எடுங்கள், 0 டயல் செய்து பத்து வருகிறதா என்று பாருங்கள், பிறகு 9, பிறகு 1. ரிசீவரை வேண்டுமென்றே தடுமாறித் தூக்குங்கள். மணி அடிக்கும்போது இருபது முறை எடுங்கள், ஒவ்வொரு முறையும் மணியின் வேறு வேறு இடத்தில். இருபதிலும் மணி உடனே நின்றால் கம்பியைச் சுவரில் அடிக்கத் தொடங்கலாம்.